எளிமைக்கு ஒரு பரண்

எளிமையாக வாழ்வதற்கு நிறைய இடம் வேண்டும். காந்தி விட்டுப்போன மூக்குக்கண்ணாடி, கடிகாரம், செருப்பு எல்லாவற்றையும் ஒரு சின்ன மேசையில் பரப்பிவிடலாம். வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கத்தில் எழுதியவர் அவர். எங்கள் அம்மாவும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் மளிகைக் கணக்கு எழுதுகிறாள். இருவரும் ஒரே கட்சி. என்ன, காந்தி எழுதியதை எல்லாம் அரசாங்கம் சேகரித்து 100 தொகுதிகள் போட்டது. அம்மா எழுதியதை அம்மாவேதான் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. அதனால் பரண்.

அப்பாவின் வேட்டியைச் சொல்கிறேன். கல்யாணம் காட்சிக்குக் கட்டியது, கரை மங்கியதும் வீட்டுக்கட்டு. நடுவில் நைந்ததும் இரண்டாகக் கிழிபடும். நல்ல பாதி இட்லித் துணி. புதுத் துணியில் இட்லி ஒட்டும், துவைத்துத் துவைத்து இளைத்த துணிதான் விடும் என்பது அம்மாவின் விஞ்ஞானம். மறுபாதி சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குப் போகும். அதை நனைத்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கூழ் வடாம் ஊற்றுவாள். காய்ந்தபின் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்தால் வடாம் சமர்த்தாகக் கழன்று வரும். காக்கா ஓட்ட ஆள் வேண்டுமே? அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு தன் பழைய வேட்டிக்குக் காவல் உட்கார்ந்திருப்பார். பிறகு அது கரித்துணி, அப்புறம் தரை துடைக்கும் துணி. கறைபடாத ஓரத்துண்டு விளக்குத் திரியாகி எரிந்தால்தான் வேட்டிக்கு மோட்சம்.

சமையலறையில் பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். துவையலுக்காகவே பீர்க்கங்காய் வாங்கிவிட்டு, காயை என்ன செய்வது என்று விழிக்கும் நாளும் உண்டு. மாவோ இட்லியில் தொடங்கி, புளிக்கப் புளிக்க தோசை, ஊத்தப்பம், பணியாரம் என்று போகும். பணியார வாசனை வந்தால் எங்கள் வீட்டில் விசேஷம் என்று பக்கத்து வீட்டில் நினைக்கிறார்கள். மாவு இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான்.

பைகளுக்குத் தனி ஆணி. ஆணியில் தொங்குவது ஒரே பை, அதற்குள் மற்றவை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். அம்மாவுக்குக் கோபம். “இதுக்குப் போய் பத்து ரூபாயா? கல்யாணத்துக்குப் போனா தேங்காயோட சும்மாத் தருவாங்களே!” எங்கள் வீட்டுப் பைகள் எல்லாம் அப்படி வந்தவை. மணமக்கள் பெயர் அச்சடித்தவை. கத்தரிக்காய் வாங்கப் போகும் பையில் உள்ள தம்பதி எப்போதோ கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டார்கள். பையில் ஒரு தையல் பிரியவில்லை.

இந்த வீட்டுக்குள் நான் மரி கோண்டோவைக் கொண்டுவந்தேன். வீட்டை ஒழித்து வைக்கச் சொல்லித்தரும் ஜப்பானியப் பெண்மணி. ஒவ்வொரு பொருளாகக் கையில் எடு, மகிழ்ச்சி தருகிறதா என்று பார், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பார். அம்மாவிடம் சொன்னேன். பரணிலிருந்து ஓட்டைக் குடத்தை இறக்கிக் கையில் எடுத்தாள். “தருதே” என்றாள். அதில் இப்போது கறிவேப்பிலைச் செடி. மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023-ல் கோண்டோவே சொன்னாராம். அந்தச் செய்தியை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பரணில் எனக்குப் பிடிபடாதவை மூடிகள். டப்பாக்கள் உடைந்தோ தொலைந்தோ போய்விட்டன. மூடிகள் மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன.

“டப்பாவே இல்லையே, மூடி எதுக்கும்மா?”

“தூக்கிப் போட எவ்வளவு நேரமாகும்? நாளைக்கே டப்பா கிடைச்சா மூடிக்கு எங்க போவ?”

வரன் தேடுவது போலத்தான் தேடல் நடக்கிறது. போன மாதம் திருச்சியிலிருந்து சித்தி போன் செய்தாள். மூடியில்லாத எவர்சில்வர் டப்பா ஒன்று அவளிடம் இருக்கிறதாம். வாயை நூல் பிடித்து அளந்தும் சொன்னாள். அம்மா ஒரு மூடியைப் பொறுக்கியெடுத்து, புளி போட்டுத் தேய்த்து, அந்தக் கத்தரிக்காய்ப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சேரவில்லை. அரை விரல் பெரிது. திரும்பி வரும்போது பையில் மூடியும் இருந்தது, சித்தியின் டப்பாவும் இருந்தது.