குறும்படத்தின் வரவுசெலவு

தமிழ்நாட்டில் குறும்படத்தால் பணம் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு முடியும் என்பதே விடை; கேமராவை வாடகைக்கு விடுபவரும், படப்பிடிப்புக்குப் பிரியாணி அனுப்பும் கடைக்காரரும், நுழைவுக் கட்டணம் வாங்கித் திரைப்பட விழா நடத்துபவரும் நெடுநாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இயக்குநர் மட்டுமே கணக்கேட்டின் மறுபக்கத்தில், பெரும்பாலும் தம் தந்தையின் பெயருக்கு அருகில், செலவு செய்தவராகக் காணப்படுகிறார்.

ஆஸ்கர் விருதை வழங்கும் அமெரிக்க அகாடமி, பெயர்ப் பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மிகாத படத்தையே குறும்படம் என்று வரையறுக்கிறது. பெயர்ப் பட்டியலும் சேரும் என்பது நம்மவர்களுக்குக் கவலை தரத்தக்க விதியாகும். ஏனெனில் தமிழ்க் குறும்படத்தின் நிதி வரலாறு முழுவதும் அதன் நன்றி அட்டையில்தான் பதிவாகியிருக்கிறது. மொட்டை மாடியை விட்டுக்கொடுத்த வீட்டுக்காரர், பைக்கைக் கொடுத்துவிட்டு அதில் ஏற்பட்ட கீறலைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காத நண்பர், இரவு பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் இரைந்தபோதும் காவல் நிலையத்துக்குப் போகாத எதிர்வீட்டு மாமி ஆகியோர் அதில் வரிசையாக இடம்பெறுவர். பேட்டா, அதாவது திரைத்துறையில் அன்றன்றைக்குக் கையில் கொடுக்கப்படும் படி, குறும்படத்தில் இவ்வாறு எழுத்து வடிவில் பட்டுவாடா செய்யப்படுகிறது. தொகை பெரிதென்றால் அது 'சிறப்பு நன்றி' ஆகிவிடும்.

படத்தை யூடியூபில் ஏற்றினால் விளம்பர வருமானம் வரும் என்பது அடுத்த நம்பிக்கை. வரும்தான், ஆனால் நீளமான காணொளிகளை நம்பியிருக்கும் ஒரு சேனல் அந்த வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பத்து நிமிடப் படம் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் அதனை 24,000 முறை முழுதாகப் பார்க்கச் செய்தாக வேண்டும் என்பது இதன் பொருள். எவ்வளவு பெரிய குடும்பமானாலும் சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட தம்பி என்று போய் இருநூறுக்குள் நின்றுவிடும். அந்த வரம்பையும் தாண்டியவருக்கு விளம்பரத் தொகையில் 55 விழுக்காடு கிடைக்கும். எட்டு நிமிடங்களுக்குக் குறையாத காணொளிக்கு மட்டுமே இடையில் விளம்பரம் போடலாம் என்ற விதியும் உண்டு. ஆறு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய கதைகளில் நாயகன் பெசன்ட் நகர் கடற்கரையில் இன்னும் நடந்துகொண்டே இருப்பதை இவ்விதியோடு சேர்த்துப் படிப்பது நலம்.

திரைப்பட விழாக்கள் இருவகைப்படும். பிரான்சின் க்ளெர்மோன்-ஃபெரான் நகரில் நடக்கும் குறும்பட விழாவில் இதற்கென்றே ஒரு சந்தை கூடுகிறது. தொலைக்காட்சி நிறுவனங்கள் அங்கே வந்து படங்களை விலை கொடுத்து வாங்குகின்றன. மற்ற வகை, இணையத்தில் மாதந்தோறும் நடந்து, டாலரில் கட்டணம் வாங்கி, விண்ணப்பித்தவர் மனம் கோணாதபடி ஏதேனும் ஒரு பிரிவில் விருது அளித்து, கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை சொல்லும். போஸ்டரில் நாயகியின் முகத்தையே மறைக்கும் அளவுக்கு, விழாவில் தேர்வானதைக் காட்டும் இலைவளைய முத்திரைகள் அடர்வது இவ்வகையின் கொடை.

பணம் போகட்டும், வாழ்க்கைத்தொழில் அமையாதா என்றால், இங்குதான் குறும்படத்தின் வினோதமான பொருளியல் தொடங்குகிறது: அதை எடுப்பதை நிறுத்தியவரே அதில் வெற்றி பெற்றவராகக் கருதப்படுகிறார். கலைஞர் தொலைக்காட்சி 2009இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா'வையும், நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தையும், ரவிக்குமார் 2015இல் 'இன்று நேற்று நாளை'யையும் இயக்கினார்கள். மூன்றையும் தயாரித்தவர்களுள் சி. வி. குமார் உண்டு என்பதால், ஒரு தலைமுறையின் எதிர்காலம் அவருடைய நாற்காலிக்கு எதிரே வரிசையில் நின்றது என்று சொல்வது பெரிய மிகையாகாது. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' 2012இலும், அல்போன்ஸ் புத்திரனின் 'நேரம்' 2013இலும் குறும்படத்திலிருந்து முழுநீளப் படங்களாக வளர்ந்தன. பிரதீப் ரங்கநாதன் தமது 'ஆப்(பா) லாக்' குறும்படத்தை 2022இல் 'லவ் டுடே'யாக விரித்து, நாயகனாகவும் தாமே நடித்தார். ஆகவே குறும்படத்தை விற்பனைப் பொருள் என்பதைவிட வேலைக்கான விண்ணப்பம் என்பதே சரி. விண்ணப்பத்துக்குச் சம்பளம் கேட்பவரை எந்த அலுவலகமும் உட்காரச் சொல்வதில்லை. கார்த்திக் சுப்பராஜ் 2015இல் 'பெஞ்ச் டாக்கீஸ்' என்று ஆறு குறும்படங்களைத் தொகுத்துத் திரையரங்குக்கே கொண்டுவந்தது மதிக்கத்தக்க முயற்சி. எனினும் மக்கள் அவரிடம் கேட்டது அடுத்த முழுநீளப் படத்தைத்தான்.

இவ்வளவுக்கும் நடுவே, கண்டிப்பாகக் காசு தரும் குறும்பட வகை ஒன்று தமிழ்நாடெங்கும் செழித்திருக்கிறது. அதனைத் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு, வழக்கில் ப்ரீ-வெட்டிங் ஷூட், என்பர். நாயகனும் நாயகியும் உண்டு, பாட்டு உண்டு, டிரோன் உண்டு, முன்பணம் உண்டு. நடிகர்களே இயக்குநருக்குச் சம்பளம் கொடுப்பதும் மண்டபத்தில் அரங்கு நிறைவதும் இவ்வகைக்கே உரிய சிறப்புகள். உலக சினிமா படித்துவிட்டு இதையும், முகூர்த்த நாள்களில் கல்யாணப் படத்தையும் எடுத்து, மற்ற நாள்களில் திரைக்கதை எழுதும் இளைஞர்கள் பலர். விமர்சனமும் இங்கே உடனுக்குடன் கிடைக்கிறது: கல்யாணப் படத்தில் ஒளியமைப்பு எப்படியிருந்தாலும், பெரியம்மா முகம் சரியாக விழவில்லை என்றால் பாக்கித்தொகை நின்றுவிடும்.