கடைசி பெஞ்சுக்கு முதல் மரியாதை

கிரீன் பே, விஸ்கான்சின்
24 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டி வலியைக் கேட்டதாகச் சொல்லவும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீளமாக எதை அனுப்பினாலும் நீங்கள் படிக்காமலே ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் தபால்.

போன முறை போனில் இரண்டு கேள்வி கேட்டீர்கள். "உங்க ஊர்ல காலேஜ் பசங்கள ஏலம் விடுறாங்களாமே, யூடியூப்ல பாத்தேன்" என்பது ஒன்று. "நம்ம சின்னவனுக்கு கேம்பஸ்ல ஏதாச்சும் மாட்டுமா, நீ என்ன நினைக்கிற" என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. முதலில் ஏலத்தை முடித்துவிடுகிறேன்.

மாமா, அது ஏலம் இல்லை. ஏலம் நம் ஐபிஎல்லில். 20 லட்சம் அடிப்படை விலை போட்டிருந்த வருண் சக்கரவர்த்தியை 8.4 கோடிக்கு எடுத்தார்களே, அது ஏலம். பணம் உள்ளவன் கையைத் தூக்குவான். இங்கே பேசுவது பணம் இல்லை, முறை. நம் இன்ஜினியரிங் கவுன்சலிங்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அங்கே முதல் ரேங்க் பையன் முதலில் போய்த் தனக்குப் பிடித்த காலேஜை எடுத்துக்கொள்வான். இங்கே பையன் எதையும் எடுக்க முடியாது, அணிதான் பையனை எடுக்கும். போன வருஷம் எந்த அணி படுமோசமாகத் தோற்றதோ அதற்குத்தான் முதல் வாய்ப்பு. கோப்பை வாங்கிய அணிக்கு வரிசையில் கடைசி இடம். 32 அணிகள், ஏழு சுற்று. இதற்கு டிராஃப்ட் என்று பெயர்.

ஆட்டம் என்எஃப்எல் என்ற லீக்கின் அமெரிக்கக் கால்பந்து, நம் பாரதி ஸ்டேடியத்தில் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் லாரி மாதிரி வந்து மோதுவார்கள். பத்து நொடி ஆட்டம், அரை நிமிஷம் ஆலோசனை. மீதி நேரம் விளம்பரம். விதிகளைச் சொல்லித் தரும்படி கேட்காதீர்கள். எனக்குப் புரிந்ததெல்லாம் அந்த டிராஃப்ட்தான்.

அதுவும் எங்கள் ஊரிலேயே நடந்ததால் புரிந்தது. 2011 கணக்கெடுப்பில் நம் நெய்வேலி டவுன்ஷிப்பின் ஜனத்தொகை 1.05 லட்சம். இந்த கிரீன் பேயில் 1.07 லட்சம். போன மாதம் 24 முதல் 26 வரை மூன்று நாளில் இங்கே வந்து குவிந்த கூட்டம் 6 லட்சம் என்று அறிவித்தார்கள். வில்லுடையான்பட்டுப் பங்குனி உத்திரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது. இத்தனைக்கும் அங்கே ஆட்டம் எதுவும் கிடையாது. ஒருவர் மேடையேறி ஒரு பெயரை வாசிப்பார். அதைக் கேட்கத்தான் 6 லட்சம் பேர், ஏப்ரல் குளிரில், தலையில் பாலாடைக்கட்டி வடிவத்தில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு! வாசிக்க வரும் லீக் தலைவர் ரோஜர் குடெல் எந்த ஊரில் மேடையேறினாலும் கூட்டம் முதலில் 'பூ' என்று ஊளையிடும். அவர் சிரித்துக்கொண்டே வாசிப்பார். அது மரபாம்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் அணியின் பெயர் பேக்கர்ஸ். 1919இல் சட்டை வாங்கப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயரே அணிக்கும் ஒட்டிக்கொண்டது. கம்பெனி எது தெரியுமா? 'இந்தியன் பேக்கிங் கம்பெனி'. உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். அவர்கள் மாமிசம் டப்பாவில் அடைத்தவர்கள், நமக்கும் அவர்களுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் அணிக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. 5 லட்சத்துக்கு மேற்பட்ட பொதுஜனங்கள் பங்கு வைத்திருக்கிறார்கள். டிவிடெண்ட் கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் தம் பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கல்யாணப் போட்டோ அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக. 2013இல் என்எல்சி பங்கை வெளியே விற்கக் கூடாது என்று நீங்கள் கொடி பிடித்ததையும், கடைசியில் தமிழ்நாடு அரசு நிறுவனங்களே 3.56 சதவீதத்தை வாங்கிக்கொண்டதையும் அவருக்குச் சொன்னேன். "உங்க மாமா எங்க ஊர் ஆள்" என்றார்.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல், பிலடெல்பியா அணியின் முதலாளி. அவர் அணி சதா தோற்றது. நல்ல பையன்கள் எல்லாரும் பணக்கார அணிகளுக்கே போனார்கள். "தோற்றவனுக்கு முதலில் கொடுங்கள்" என்று 1935இல் மற்ற முதலாளிகளைச் சம்மதிக்க வைத்தார். அதே 1935இல்தான் நம் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரி தென்பட்டது. 1936இல் முதல் டிராஃப்ட். முதல் பெயர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகம், நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரன் என்று பட்டம் வாங்கியவன். எடுத்தது பெல்லின் அணியேதான். அவன் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். இந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

டெலிவிஷன் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. முதலாளித்துவத்தின் தலைநகரில் முதலாளிகள் தங்களுக்குள் மட்டும் நடத்திக்கொள்ளும் சோஷலிசம் இது. தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது என்றுதானே கேட்பீர்கள்? எந்த ஊர், எந்த கம்பெனி, எந்த மேலதிகாரி என்று எதையும் பையன் தேர்ந்தெடுக்க முடியாது. ஸ்மித் என்ற வீரர் கோர்ட்டுக்குப் போனார். 1976இல் இது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றே தீர்ப்பு வந்தது. மறு வருஷமே வீரர்கள் சங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு டிராஃப்டைச் சட்டப்படி ஆக்கிவிட்டது! உங்கள் சங்கத்தில் யாராவது இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்எல்சி ஆர்ச் கேட்டைத் தாண்டியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் செல்வாக்கு இருந்தால் மட்டும் தப்பலாம். ஈலை மேனிங் என்பவனின் அப்பாவும் அண்ணனும் பெரிய ஆட்டக்காரர்கள். 2004இல் சான் டியாகோ தன்னை எடுத்தால் ஆட மாட்டேன் என்றான். அவர்கள் எடுத்தார்கள், அன்றைக்கே நியூயார்க்குக்கு மாற்றிவிட்டார்கள். டிரான்ஸ்பர் ஆர்டர் எங்கேயும் அப்படித்தான்.

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு 300க்கு மேற்பட்ட பையன்களை வரவழைத்துப் பரிசோதிக்கிறார்கள். 40 கஜம் ஓட வேண்டும். 140 கிலோ ஆசாமியும் ஓட வேண்டும். இதுவரை சாதனை 4.21 விநாடி, போன வருஷம் சேவியர் வொர்த்தி ஓடியது. 102 கிலோ பளுவை எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். 12 நிமிஷத்தில் 50 கேள்வி என்று ஒரு மூளைத் தேர்வும் இருந்தது, 2022இல் கைவிட்டார்கள். ஆனால் உள்ளங்கையை அளப்பதை மட்டும் விடவில்லை. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. பந்தை எறிபவனுக்குக் கை சின்னதாக இருந்தால் நாடு முழுக்க விவாதம். 2020இல் ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம்தான் இருந்தது. இவ்வளவு சின்னக் கையிலிருந்து பந்து நழுவிவிடும் என்கிறார்கள், ஓய்வு பெறலாமா என்று பார்க்கிறேன் என அவனே எழுதினான். முதல் ஆளாக எடுத்தார்கள்.

பலன் சொல்வதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது மாமா. எந்தப் பையன் எத்தனையாவதாக எந்த அணிக்குப் போவான் என்று மாதக்கணக்கில் பட்டியல் போடுகிறார்கள். அதில் மூத்தவர் மெல் கைப்பர், 1984 முதல் டிவியில். ஜிம்மி கிளாசன் என்ற பையன் எட்டு வருஷத்தில் தேறாவிட்டால் இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன் என்று 2010இல் சபதம் போட்டார். பையன் தேறவில்லை. இவர் இன்னும் டிவியில் இருக்கிறார்.

இந்த வருஷம் அவரும் மற்றவர்களும் தூக்கிப் பிடித்தது ஷெடூர் சாண்டர்ஸை. அப்பா டியோன் சாண்டர்ஸ் 1989இல் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட ஜாம்பவான், மகனுக்குக் கல்லூரியில் பயிற்சியாளரும் அவரே. டிராஃப்டுக்கு முந்தின வாரம் பையனின் சட்டை எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கல்லூரி கௌரவித்தது. முதல் நாள் போனது, இரண்டாம் நாள் போனது, பெயரை யாரும் வாசிக்கவில்லை. கைப்பர் டிவியில் கொதித்தார். அணி முதலாளிகளுக்கு என்ன ஆயிற்று என்று நாட்டின் அதிபரே எழுதினார். மூன்றாம் நாள் கிளீவ்லாந்து 144ஆவதாக எடுத்தது. அதற்கு முன்பே பந்து எறியும் இடத்துக்கு வேறொரு பையனை எடுத்தாகிவிட்டது.

இந்த வருஷம் முதல் பெயர் கேம் வார்ட். பள்ளிக்கூடம் முடித்தபோது டெக்சாஸ் மாநிலத்துப் பெரிய கல்லூரி எதுவும் அவனைச் சீந்தவில்லை. இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னக் கல்லூரி மட்டும் ஸ்காலர்ஷிப் கொடுத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், அங்கிருந்து மயாமி, அங்கிருந்து டென்னசி அணிக்கு முதல் ஆள். அந்த அணி போன வருஷம் 17 ஆட்டத்தில் ஜெயித்தது மூன்று. முதல் ஆளாக வந்த சந்தோஷத்தோடு அந்தப் பாரமும் சேர்த்துத்தான் கிடைக்கிறது.

அப்புறம் 2022 கதை. பந்து எறிபவர்களில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவன் ஒருவனே, கென்னி பிக்கெட், 20ஆவது இடம். அதே வருஷம் 262ஆவதாக, அதாவது மொத்தத்திலும் கடைசியாக, பிராக் பர்டி. கடைசியாக வருபவனுக்கு 'மிஸ்டர் ஒன்றுக்கும் உதவாதவர்' என்று பட்டம் சூட்டி, கலிபோர்னியாவில் விருந்து வைத்து, பந்தைத் தவறவிடும் வீரனின் பொம்மையைக் கோப்பையாகத் தருவார்கள். 1976 முதல் நடக்கும் கேலி. கேலிக்கு ஆளான பையன் இரண்டே வருஷத்தில் தன் அணியை சூப்பர் பவுல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனான். இந்த மாதம் ஐந்து வருஷத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. பிக்கெட்டைப் பழைய அணி எப்போதோ அனுப்பிவிட்டது. தண்ணீருக்குக் கிணறு தோண்டி நிலக்கரி எடுத்த ஊர்க்காரர்கள் நாம், இதற்கெல்லாம் ஆச்சரியப்படக் கூடாது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏலம் கிடையாது, டிராஃப்ட்தான். டெல்லி அணி தன் ஊர்ப் பையன் கோலியை விட்டுவிட்டு, வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனான். அன்றைக்கு டெல்லியிடம் காரணம் இல்லாமல் இல்லை. பேட்ஸ்மேன்கள் ஏற்கெனவே நிறைய இருந்தார்கள்.

இந்தக் கதைகளைச் சின்னவனிடம் அப்படியே ஒப்பிக்காதீர்கள். 199ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு கோப்பை வாங்கியதை இங்கே ஒவ்வொரு அப்பாவும் மகனிடம் சொல்கிறார். மற்ற வருஷங்களில் 199ஆவதாக வந்தவர்கள் யார் என்று கேட்டால் ஒரு அப்பாவுக்கும் தெரியாது. கல்லூரியில் ஆடும் பையன்களில் இந்த லீக்குக்குப் போவது நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. போனாலும் சராசரியாக மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆட்டம் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. பென்ஷனுக்குத் தகுதி பெற மூன்று சீசன் வேண்டும். அதைத் தொடுவதற்குள் முட்டி போய்விடும். அத்தைக்குக்கூட அறுபதுக்கு மேல்தான் போயிற்று.

ஆக, இரண்டாவது கேள்விக்கு என் பதில். ஒரு நாடே டிவி, அளவு நாடா, நிறுத்தற்கடிகாரம் என்று சகலமும் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை அங்குலக் கணக்கில் அளந்து பார்த்தும் ஒரு பையன் எங்கே போவான் என்று சொல்ல முடியவில்லை. இந்திரா நகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நீங்களும், இங்கே ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு நானும் சொல்லிவிட முடியுமா? கேட் தேர்வுக்குப் படிக்கிறான் அல்லவா, படிக்கட்டும். கேம்பஸில் வந்தால் சரி, என்எல்சியில் வந்தால் உங்களுக்கு ரொம்பச் சரி. தேர்வு முடியும் வரை சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவனிடம் ரேங்க் கேட்காதீர்கள். அத்தை போனில் என்னிடம் ரகசியமாகச் சொன்னது இது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் டிராஃப்ட் பிட்ஸ்பர்க்கில். அதுவும் கரியாலும் எஃகாலும் வளர்ந்த ஊர். விசாவுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், டிக்கெட் என் செலவு. வரும்போது பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்