ஒற்றைக் கால் உத்தியோகம்

வாவிக்கரையில் விடியற்காலையில் ஒற்றைக் காலில் நின்றால் கொக்குக்கு அது பிழைப்பு. அறுபது தாண்டிய மனிசனுக்கு அது ஊர்க்கதை. மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் ஒழுங்கையால் பால் கொண்டு போகிறவர் நான் நின்ற கோலத்தைக் கண்டும் சைக்கிளை நிறுத்தவில்லை. ஆனால் நாலைந்து வீடு தள்ளி நிறுத்தியிருக்கிறார். மத்தியானத்துக்குள் எனக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று ஒரு கதையும், காணி வழக்கில் தோற்று மூளை பிசகிவிட்டது என்று இன்னொரு கதையும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. எனக்குக் காணி வழக்கே இல்லை.

நடந்தது இதுதான். முழங்கால் நோவென்று போன இடத்தில், என் மகளைவிட இளைய பிசியோ பிள்ளை ஒருத்தி, "ஐயா, ஒரு காலத் தூக்கிக்கொண்டு பத்து செக்கன் நில்லுங்க" என்றாள். இதென்ன பெரிய வித்தை என்று தூக்கினேன். அவள் பாதி எண்ணுவதற்குள் என் கை அவளுடைய மேசையைப் பிடித்துவிட்டது. நான் பிடிக்கச் சொல்லவில்லை, அதுவாகவே போய்ப் பிடித்தது.

பத்து செக்கன் அவள் வீட்டுக் கணக்கில்லை. பிறேசில் நாட்டு வைத்தியர் கிளவுடியோ கில் அராவுஜோவும் அவருடைய குழுவினரும் 2022 இல் வெளியிட்ட ஆய்வு அது. 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. சராசரியாக ஏழு வருடம் இவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், நிற்க முடியாமல் போனவர்களுக்கு இறக்கும் ஆபத்து 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயதையும் பழைய நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். நிற்காததால் செத்தார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. உடம்புக்குள் எங்கோ எண்ணெய் குறைகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். அதே 2022 இல், பொருளாதார நெருக்கடியில், நாங்கள் பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் மணிக்கணக்கில் கால் மாற்றி மாற்றி நின்றோம். எங்களை ஆராய ஒருவரும் வரவில்லை.

என் நிலை எப்போது தளர்ந்தது என்று யோசித்துப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டான்: சாரம். கந்தோருக்குப் போன காலம் முழுக்கக் களிசான் போட்டேன். களிசான் போடுகிறவன் ஒரு காலில் நின்று மறு காலைத் துளைக்குள் விடவேண்டும், அதுவும் பஸ் சந்தியில் கோர்ன் அடிக்கிற அவசரத்தில். பின்னேரம் கழற்றும்போது இன்னொரு தரம். அரசாங்கம் சம்பளமும் தந்து பயிற்சியும் தந்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் சாரத்துக்கு மாறினேன். சாரத்தைத் தலையால் போட்டு இடுப்பில் சொருகினால் முடிந்தது. இரண்டு காலும் நிலத்தை விட்டு அசையவே தேவையில்லை. ஓய்வூதியக் கணக்கில் இந்த நட்டத்தை யாரும் காட்டுவதில்லை.

இந்தக் கண்டுபிடிப்பைப் பிசியோ பிள்ளையிடம் பெருமையோடு வைத்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "சரிதான் ஐயா. திரும்பக் களிசான் போடுங்க. நிண்டுகொண்டே போடுங்க. ஆனா பக்கத்துல சுவர் இருக்கட்டும்" என்றாள். வீட்டில் இப்போது தினமும் காலையில் களிசான் போட்டு, உடனே கழற்றிவிட்டுச் சாரம் உடுக்கிறேன். "இஞ்சாருங்க, எங்க போறதுக்கு வெளிக்கிட்டு எங்க போகாம இரிக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். விளக்கம் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

பிள்ளை வகுப்பும் எடுத்தாள். நாம் விழாமல் நிற்க மூளை மூன்று சாட்சிகளை விசாரிக்கிறது. முதல் சாட்சி கண். இரண்டாவது, உட்காதில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும், அவற்றின் அடியில் பசைபோன்ற ஒன்றின்மேல் கிடக்கும் நுண்ணிய சுண்ணாம்புக் கற்களும். தலை சாய்ந்தால் கல் சரியும். சரிவை நரம்பு போய்ச் சொல்லும். மட்டக்களப்பானுக்கு இதற்குப் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. மீன் தலையைச் சப்பும்போது பல்லில் தட்டுப்படுகிற வெள்ளைக் கல் இருக்கிறதே, அதுவும் இதே வேலைக்காரன்தான். கலங்கல் தண்ணீரில் மேல் எது கீழ் எது என்று மீனுக்குச் சொல்வது அது. மீனுடையது பல்லில் படுகிற அளவு, நம்முடையது கண்ணுக்கே எட்டாத அளவு. என் தலைக்குள்ளும் கல் இருக்கிறது என்று வீட்டில் அறிவித்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

மூன்றாவது சாட்சிதான் விசித்திரமானவன். தசையிலும் மூட்டிலும் பாதத்தின் தோலிலும் இருந்துகொண்டு, உன் முழங்கை இங்கே, உன் குதி அங்கே என்று ஓயாமல் அறிக்கை அனுப்புகிறான். இருட்டில் மூக்கைச் சொறிய முடிகிறதே, அவன் தயவு. ஆங்கிலேய உடலியலாளர் செறிங்டன் 1906 இல் இந்த உணர்வுக்கு ஒரு பெயர் வைத்தார். அதற்கு முன்பும் எல்லோருக்கும் மூக்குச் சொறியத் தெரிந்திருந்தது.

அவன் வேலையை விட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இயன் வாட்டர்மனின் கதை இருக்கிறது. 1971 இல், பத்தொன்பது வயதில், காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே அவருக்கு இந்த உணர்வு அற்றுப்போனது. தசைகள் வேலை செய்தன. ஆனால் தன் கை கால் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனதால் கட்டளையிட்டு, மீண்டும் இருக்கவும் நிற்கவும் நடக்கவும் பழகினார். மின்குமிழ் அணைந்தால் விழுந்துவிடுவார். 2022 பங்குனிக் கடைசியில் எங்களுக்கு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை, அந்த மனிதரின் கதை தெரிந்த பிறகு நினைத்துக்கொண்டேன். நாங்கள் இருட்டுக்குள் மின்சார சபையைத் திட்டியபடி குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்தோம். மூன்றாவது சாட்சிக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

மூன்றாவது சாட்சியைப் பற்றிக் கேட்டபோதுதான் எங்கள் ஊர்க் கூத்து அண்ணாவியார் ஞாபகம் வந்தார். இளந்தாரியாக இருந்தபோது என்னையும் ஒரு வடமோடிக் கூத்தில் சேர்த்திருந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுத்த நாளிலிருந்து மாதக்கணக்காக இரவில் பழக்கம். மத்தளம் அவர் மடியில். உலா, வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி என்று ஆட்டம் வரிசையாக ஏறும். எட்டுப் போடும்போது நான் குனிந்து என் காலையே பார்ப்பேன். பார்த்த உடனே கால் தாளத்தை விட்டுவிடும். மத்தளம் நிற்கும். "காலப் பாக்காதடா, கால் அங்கதான் இரிக்கி. சபையப் பார். மறுகா ஒருக்கா எட்டைப் போடு" என்பார். செறிங்டனை அவர் படித்ததில்லை. படித்திருந்தாலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

அரங்கேற்றத்தன்று வட்டக்களரியில் ராசா வேடக்காரர் கரப்புடுப்பையும் முடியையும் புயகிரீடத்தையும் சுமந்துகொண்டு சுழன்றாடுவார். சுற்றிவர சனம், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் முன்பக்கம். பகலில் அவர் வயல்காரர். கூத்து விடியும் மட்டும் போகும். நிற்கும் நிலையைச் சோதிக்க இதைவிடக் கடினமான ஒன்றுக்கு எந்த ஆஸ்பத்திரியும் துணியாது. இன்னும் ஒன்று இருக்கிறது. நொண்டி நாடகத்துக்கு ஒற்றைக்கால் நாடகம் என்றே இன்னொரு பெயர். குதிரை திருடப் போய்க் காலை இழந்தவன், மற்றக் காலில் ஆடியபடியே தன் கதையைத் தானே பாடுவான். கடவுள் கடைசியில்தான் கால் கொடுப்பார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோன கூத்துகளில் அதுவும் ஒன்று. அங்கே பத்து செக்கன் கணக்கெல்லாம் எடுபடாது.

வாவியில் வேறு பாடசாலை. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீருக்கு இந்தப்பக்கம் எழுவான்கரை, அந்தப்பக்கம் படுவான்கரை. மண்டூருக்குக் குருமண்வெளியில் பாதை என்கிற மிதவையில் ஏறிப் போகிறவர்களைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு இடையில் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் போன், தோளில் பை என்று ஒரு பெண் எதையும் பிடிக்காமல் நிற்பாள். பக்கத்தில் நின்ற நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

பக்கத்து வீட்டுத் தோணிக்கார மாமாவுக்கு எழுபது நடக்கிறது. தோணியின் அணியத்தில் நின்று இடுப்பைத் திருப்பி வீச்சு வலையை விரிக்கிறார். வலை வட்டமாக விழுகிறது, அவர் விழவில்லை. என்னையும் ஏற்றினார். நான் விறைத்துப்போய் நின்றேன். "தம்பி, நிக்கப் பாக்கிறீங்க, அதான் பிழை. நிண்டா விழுவீங்க. தோணி ஆடுற ஆட்டத்துக்கு நீங்களும் ஆடுங்க" என்றார். ஆடாமல் நிற்கிறவர் என்று உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. காவலுக்கு நிற்கிற பொலிஸ்காரர்கூட மிக நுணுக்கமாக முன்னும் பின்னும் சாய்ந்துகொண்டே இருக்கிறார். சாய்வை அளக்கவென்றே தளமேடைக் கருவி வைத்திருக்கிறார்கள். விழப்போவதும் திருத்துவதுமாக ஓடுகிற வேலைக்குத்தான் நிற்பது என்று நாம் பெயர் சொல்கிறோம்.

கொழும்பில் உடற்பயிற்சி நிலையங்களில் பாதிப் பந்து போன்ற ரப்பர் சாமான் ஒன்றைப் போட்டு, அதில் ஏறி நிற்கப் பணம் வாங்குகிறார்கள். மாமாவிடம் சொன்னேன். தோணிக்கு வாடகை கேட்கலாமா என்று யோசிக்கிறார்.

ஆனால் வாவிக்காரர் எல்லாம் விழாதவர் என்று எழுதினால் அது பொய். இதே மாமா போன மாரியில் தன் வீட்டு வாசலில், பேரனுடைய விளையாட்டுக் காரை மிதித்து, மல்லாக்க விழுந்து மணிக்கட்டை முறித்தார். உடம்பு பழகின தளத்தில்தான் கெட்டித்தனம் காட்டும். தோணி தெரிந்த காலுக்கு வாசற்படி புதுசு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வருடத்துக்கு 684,000 பேர் விழுந்து சாகிறார்கள். தற்செயலான காயங்களால் வரும் சாவில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. அதனால்தான் பிள்ளை எனக்குத் தந்த பட்டியலில் எல்லாம் கலந்து கிடக்கிறது: பல் தீட்டும்போது ஒரு கால், ஒரு காலின் குதியை மற்றதன் விரலில் முட்ட வைத்து நேர்கோட்டு நடை, கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்கால், கடைசியில் கண்ணை மூடி நிற்பது. கடைசியானதற்கு ஆள் பக்கத்தில் வேண்டும். பேர்லின் வைத்தியர் றொம்பேர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கவனித்தது அது: கால் உணர்வு கெட்டவர்கள் கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள். கிணற்றடியில் முகம் நிறையச் சவர்க்காரத்தோடு நின்று வாளியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

பிறேசில் வைத்தியர் அராவுஜோவிடம் இன்னொரு சோதனையும் உண்டு. நின்ற நிலையிலிருந்து நிலத்தில் இருந்து, பிறகு எழும்ப வேண்டும். மொத்தம் பத்துப் புள்ளி. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும், தள்ளாடினால் அரை. இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அன்னதானத்தில் சாப்பாடு இறங்குவதில்லை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் பந்தியில் இருந்தபடி முழு ஊருக்கும் மார்க் போட்டேன். ஓய்வுபெற்ற அதிபர் ஏழு. அவருடைய மச்சான் ஐந்தரை, அதுவும் இரக்கப்பட்டு. எங்கள் சம்பந்தி நான்கு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவி எந்தப் பயிற்சியும் செய்யாதவள். ஒரு கையில் எச்சில் இலை, மறு கையில் தண்ணீர்ச் செம்பு, செம்பு தளும்பாமல் நேராக எழும்பினாள். பத்து.

"மார்க் போட்டது காணும், அடுத்த பந்திக்காரர் நிக்கிறாங்க, எழும்புங்க" என்றாள்.

எழும்பினேன். பக்கத்து இலைக்காரரின் தோளைப் பிடித்துத்தான். கை, முன்கை, முழங்கால், காலின் பக்கவாட்டு என்று எதை ஊன்றினால் எவ்வளவு என்று அந்த வைத்தியர் வகுத்து வைத்திருக்கிறார். பக்கத்து இலைக்காரரின் தோள் பட்டியலில் இல்லை. ஆகவே எனக்கும் பத்து.