இன்னும் குளிக்கிறீர்களா?

வருஷச் சந்தா கட்டிய செயலியே படத்துக்குத் தனி வாடகை கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? பெயர் வேண்டாம், நீங்களும் அதற்குத்தான் கட்டியிருப்பீர்கள். போன வாரம் தென்காசி வீட்டில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, சால்னாவை ஊற்றி, டிவி முன்னால் உட்கார்ந்தோம். படம் இருக்கிறது என்றது. தொட்டால் 149 ரூபாயாம். ஆரம்பித்தால் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டுமாம். சரி, வேறு படம் போட்டால் விளம்பரம். அதை எடுக்கத் தனிக் காசு. சால்னா ஆறி, மேலே எண்ணெய் கட்டிவிட்டது.

இந்தத் தொழிலைச் சீர்படுத்த என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: நல்லவேளை, குற்றாலத்தை இவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் பேரருவி வாசலிலேயே மொபைல் நம்பர், ஓடிபி. ஐந்தருவி பேக்கில் பழைய குற்றாலம் வராது. புலியருவி ஆனி வரைக்கும் இங்கே இருந்தது, உரிமை முடிந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. குறைந்த பிளான்காரனுக்கு ஐந்தருவியில் ஒரு கிளை மட்டும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, போலீஸ்காரர் விசிலுக்கு ஒதுங்கி, நாலு முழங்கைகளைத் தாண்டித் தலையை உள்ளே கொடுக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் நின்று ஜவுளிக்கடை விளம்பரம் வரும். எண்ணெய் கண்ணில் இறங்கும். மறுபடி தண்ணீர் விழுந்து கொஞ்சம் சுகமானதும் பாறைக்குள்ளிருந்து ஒரு குரல்: “இன்னும் குளிக்கிறீர்களா?” ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தால் வாயெல்லாம் தண்ணீர். பதில் வராததால் அருவியை நிறுத்திவிடுவார்கள். ஒரு கணக்குக்கு இரண்டு தலைதான், மூன்றாவதாக மச்சினன் தலையை நீட்டினால், “உங்கள் கணக்கில் வேறொருவர் செங்கோட்டையில் குளித்துக்கொண்டிருக்கிறார்.” பேரருவி ஆர்ச்சுக்கு மேல் தண்ணீர் போனால் இப்போது குளிக்கத் தடை, அவர்கள் அதை அல்ட்ரா எச்டி என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்குவார்கள். சீசன் முடிந்தால் அருவி வற்றும், சந்தா வற்றாது. ரத்து செய்யும் பட்டன் தேனருவியில் இருக்கும். அங்கே போக வனத்துறை விடாது. குரங்குகள் மட்டும் காசு கட்டாமல் எப்படியோ டவுன்லோட் செய்துகொள்ளும்.

எங்கே விட்டேன்? ஆங், என் திட்டம். முதலில் படத்தை வீட்டுக்கு அனுப்பும் முறை. அருவி எல்லார் தலையிலும் ஒன்றாக விழுகிறது. பழைய தூர்தர்ஷனும் அப்படித்தான்: கோபுரம் ஒரு தடவை அனுப்பும், ஊரே பார்க்கும், ஆள் கூடினாலும் செலவு கூடாது. இப்போது வீட்டுக்கு வீடு தனி ஓட்டம். ஐபிஎல் மேட்சைத் தெருவில் முப்பது வீடு பார்த்தால் அதே பந்து முப்பது தடவை தெருவுக்குள் வர வேண்டும். பக்கத்து வீட்டில் ‘சிக்ஸ்’ என்று கத்தி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் பவுலர் ஓட ஆரம்பிப்பார்.

காசு வாங்கும் முறையிலும் எல்லாம் பார்த்தாகிவிட்டது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய். அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கே வந்து வாங்கிப்போவார்; திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்தது. 2013-ல் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்னால் டிடிஎச்சில், ஆயிரம் ரூபாய் அளவில், காட்டப் பார்த்தார். தியேட்டர்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் நினைத்தபடி நடக்கவில்லை. சித்தி பிள்ளைகள் சகிதம் கூடத்தில் உட்கார்ந்தால் தலைக்கு நூறுகூட வராது, மனுஷன் சொன்னதில் என்ன தப்பு? 2019-ல் டிராய் வந்து, பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடு என்றது. யார் உட்கார்ந்து டிக் அடிப்பது? “எல்லாத்தையும் போட்டு விடுங்க அண்ணாச்சி” என்றோம்.

இப்போது அம்மாவுக்கு சீரியல் ஒரு செயலியில், மகனுக்கு கிரிக்கெட் இன்னொன்றில். நான் மூன்றாவதில் முக்கால் மணி நேரம் படப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிவிட்டுத் தூங்கிப்போகிறேன். அதற்கும் மாதாமாதம் பிடித்துக்கொள்கிறார்கள், பாவிகள்.

என் திட்டத்துக்கு நாலு அம்சம். முதல் அம்சத்தை மச்சினனுக்கு போனில் விளக்க ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும் அத்தான், பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா? நேத்திலேர்ந்து உள்ளே விட மாட்டேங்குது.”