கைலியின் அழியாமை: ஒரு முன்னாய்வு

எந்தக் காலத்திலும் மவுசு குறையாத உடைகள் என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் போடுகின்றன. வெள்ளைச் சட்டை இருக்கும். நீல ஜீன்ஸ் இருக்கும். பெண்களுக்கான கறுப்புக் குட்டைக் கவுன் இருக்கும். கைலி மட்டும் இருக்காது. அறிவுலகம் செய்துவரும் இந்த ஓரவஞ்சனையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்கண் வரையறை. கைலி எனப்படுவது ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எட்டும் அகலமும் உடைய துணி. இரு முனையும் சேர்த்து மூட்டப்பட்டது. லுங்கி என்பாரும் உளர். நெல்லை, குமரிப் பக்கத்திலும் ஈழத்திலும் சாரம் என்பர். கட்டம் போட்டது தலைமை வகை. பூப்போட்டதும் பத்திக் அச்சடித்ததும் கிளை வகை. மூட்டாதது கைலி ஆகாதோ எனின், ஆகாது. மூட்டாத கைலியோடு ஆடிக் காற்றில் மொட்டை மாடிக்குப் போனவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

வேட்டியை ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். வேட்டிக்கு ஆள் பலம் உண்டு. 2014இல் சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை என்றதும், அதே ஆண்டு சட்டப்பேரவை கூடித் தனிச் சட்டமே இயற்றியது. கைலிக்காக எந்தப் பேரவையும் கூடியதில்லை. மாறாக, 2023இல் கிரேட்டர் நொய்டாவின் குடியிருப்புச் சங்கம் ஒன்று, பொது இடங்களில் லுங்கியும் நைட்டியும் அணிந்து நடமாடக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. இப்படிக் கேட்பார் இல்லாமலும் துரத்துவார் இருந்தும் ஓர் உடை நிலைத்து நிற்கிறதென்றால் காரணம் இருக்க வேண்டும்.

எமது கருதுகோள் இது: நாகரிகத்திலிருந்து கைலியை யாராலும் வெளியேற்ற முடியாது, ஏனெனில் அது உள்ளே போகவே இல்லை.

எதிர்ச்சான்றாக ஜீன்ஸை எடுத்துக்கொள்வோம். லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் செப்பு ரிவெட் அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை பெற்றது 1873இல். என்றும் மாறாத உடை என்று அதற்குப் பெயர். ஆனால் அதன் கால் வட்டம் எடுத்த அவதாரங்களை எண்ணிப் பாருங்கள். பெல்பாட்டமாகத் தெருவைக் கூட்டியது, பேகியாகத் தொளதொளத்தது, பிறகு கழற்ற இன்னொருவர் துணை வேண்டும் என்கிற அளவுக்குக் காலோடு ஒட்டியது, இப்போது மறுபடி தொளதொளக்கிறது. இத்தனை காலமும் கைலியின் சுற்றளவு இரண்டு மீட்டர். தாத்தாவின் ஜீன்ஸை அணிந்து பேரன் கல்லூரிக்குப் போனால் அது பழங்காலப் பாணி எனப்படும். தாத்தாவின் கைலியைக் கட்டிக்கொண்டு பேரன் டீக்கடைக்குப் போனால் அது கைலி, அவ்வளவுதான்.

இடுப்பளவு கேட்காமல் விற்கப்படும் துணி என்பதும் குறிக்கத்தக்கது. சேலையும் அத்தன்மைத்தே எனின், ரவிக்கைக்கு அளவு கொடுத்தாக வேண்டும் என்க.

கைலியின் கட்டத்துணி நாகரிகத்துக்குள் நுழைந்த வரலாறும் உண்டு. அது கடல் கடந்து நடந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணிகள் நூற்றாண்டுகளாகக் கப்பலேறின. பழவேற்காட்டின் பெயர் மலேசியாவில் இன்றும் கைலிக்கு வழங்குகிறது, அங்கே அது பெலிக்கட். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத்துணி வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வழியில் எங்கோ நின்றுவிட்டது. துவைத்ததும் சாயம் ஓடியது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். வழக்கு வரும் என்ற நிலையில் விளம்பர மூளைகள் கூடி, சாயம் போவதுதான் இதன் சிறப்பே, ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புது நிறம் கிடைக்கும் என்று அறிவித்தன. அமெரிக்கர்கள் விழுந்தடித்துக்கொண்டு வாங்கினார்கள்.

இதே வேதியியல் நிகழ்வு நம் வீடுகளிலும் ஆராயப்பட்டுள்ளது. புதுக் கைலியும் பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சட்டையும் ஒரே வாளியில் ஊறின. முடிவை இல்லத்தரசிகள் வெளியிட்ட விதம் விளம்பரத்துக்கு உகந்ததாக இல்லை.

மெட்ராஸ் கட்டம் அங்கே சட்டையாகி, கோட்டாகி, கோடைக்கு வந்து குளிருக்குப் போய், சில ஆண்டு மறக்கப்பட்டு மறுபடி கண்டுபிடிக்கப்படுகிறது. இங்கே குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்த கைலி, இந்த வருடப் பாணி என்ன என்று எவரும் கேட்காமலே விற்றுக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொல்லும் வசனம்கூட மாறவில்லை: "சாயம் போகாதுங்க, கியாரண்டி." கியாரண்டி யாருக்கு என்று அவர் சொல்வதில்லை.

இனி இயக்கவியல். மடித்துக் கட்டும் முறையை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. தேர்ந்தவர் குனிவதில்லை. நடந்துகொண்டே குதிகாலைப் பின்னால் லேசாக உதறுகிறார். கீழ்விளிம்பு துள்ளி எழுகிறது. எழுந்த விளிம்பை, பார்க்காமலே, பின்னால் போன கை பிடிக்கிறது; மற்றக் கையும் சேர்ந்து முன்னால் கொண்டுவந்து முழங்காலுக்கு மேல் முடிகிறது. இதற்குள் பேச்சு நிற்காது, வாயில் பீடி இருந்தால் அதுவும் விழாது. எவரும் எவருக்கும் கற்றுத்தந்ததாகச் சான்றில்லை.

மடித்ததை இறக்குவது இலக்கணத்தின் பாற்பட்டது. எதிரே பெரியவர் வந்தால் கைலி இறங்கும். வருபவர் பதவியில் பெரியவர், வயதில் சின்னவர் என்றால் சிக்கல். அப்போது கை முடிச்சை நோக்கிப் போகும், தொடும், அவிழ்க்காது. இதைத் தொட்டுக்காட்டல் என்று பெயரிடுகிறோம். மாமனார் வீட்டில் மடிப்பே கிடையாது. கல்யாணமாகிப் பல ஆண்டு சென்றபின் ஒருநாள் தோட்டத்துப் பக்கம் மட்டும் நிகழலாம். இந்த இறக்கம் முழுவதும் மரியாதைதானா என்று கேட்டால், அதற்குச் சிரிப்பில்லாத வேறோர் ஆய்வு வேண்டும். மடித்துக் கட்டி நடக்கக் கூடாது என்று சிலருக்கு மட்டும் விதி வைத்திருந்த தெருக்கள் நம் ஊர்களில் இருந்தன.

கைலி ஓர் அறையுமாகும். அதன் மேல்விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டால் உடைமாற்றும் அறை தயார், வாடகை இல்லை. குற்றாலத்தில் ஈரத் துணியோடு நிற்பவரும், ஆற்றங்கரையில் குளித்தேறியவரும் இவ்வறையைப் பயன்படுத்துவர். உள்ளே இருக்கும்வரை பேச முடியாது என்பது ஒன்றே குறை. எழும்பூரில் இரவு ரயில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். ஒருவர் வங்கி அதிகாரி, ஒருவர் மேஸ்திரி, ஒருவர் மகன் வீட்டுக்கு வந்து திரும்புகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தாம்பரம் தாண்டுவதற்குள் பெட்டிக்குள் மூன்று கைலிகள் மட்டுமே இருக்கும். அதுவரை வாய் திறக்காத வங்கி அதிகாரி, கைலிக்கு மாறியதும் லோயர் பெர்த்தை மாற்றிக்கொள்வது பற்றிப் பேச்சைத் தொடங்குவார்.

கைலி செல்லும் எல்லை குறித்து ஒருமித்த கருத்தில்லை. டீக்கடை, பெட்டிக்கடை, கறிக்கடை ஆகியன ஐயத்துக்கு இடமின்றி உள்ளே. ரேஷன் கடையும் உள்ளே. பேருந்து நிலையம், யாரையாவது ஏற்றிவிடப் போனால் உள்ளே, தானே ஏறினால் வெளியே. துக்க வீட்டுக்கு விடியற்காலையில் கட்டியபடி ஓடிப்போகலாம்; பத்து மணிக்குமேல் வேட்டிக்கு மாற வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் கூடாது. ஆனால் முதல் நாள் இரவு காய் வெட்டும் இடத்தில் கைலி கட்டாதவரை யாரும் உள்ளூர்க்காரராக மதிப்பதில்லை.

அழியாமை என்றோம். துணி நையாதோ எனின், நையும். முதலில் வெளியே போகும் தகுதி போகும். பின் வீட்டுக்குள் மட்டும். பின் பைக் துடைக்கும் துணி, அடுப்படியில் கரித்துணி. இறுதிக் கட்டத்தை அடைந்த கைலியைத் தூக்கி எறிய வீட்டுத்தலைவர் ஒப்புவதில்லை. இன்னும் ஒரு வருடம் கட்டலாம் என்பார். கரித்துணியாகிவிட்ட செய்தியே சில சமயம் அவருக்குத் தோசை வரும்போதுதான் தெரிகிறது.

ஆய்வில் தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. இரவு பதினொரு மணிக்கு இடுப்பில் முடிந்திருந்த கைலி, காலை ஐந்தரைக்குப் போர்வையாகிக் கழுத்துவரை ஏறியிருக்கிறது. இப்பெயர்ச்சி எந்தச் சாமத்தில் நிகழ்கிறது, ஒரே மூச்சிலா, படிப்படியாகவா என்பதற்குத் தரவு இல்லை. தூங்குபவருக்குத் தெரியாது, விழித்திருப்பவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. கண்காணிப்புக் கேமரா வைக்கலாம் என்று யாம் முன்வைத்த யோசனைக்கு வீட்டில் ஒருவரும் இணங்கவில்லை.