பதினைந்தடிக்குப் பதினைந்தடி

1892 டிசம்பரில் விவேகானந்தர் திருவனந்தபுரத்தில் சில நாள் தங்கிவிட்டுக் குமரிக்குப் புறப்பட்டார். எங்கள் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அந்த வழியில்தான். ஆனால் சாமிக்கு வேண்டியிருந்தது கடல். எங்களிடம் இருந்ததோ மரச்சீனியும் ஒரு பொந்துப் பலாவும். அந்தப் பொந்திலும் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குப் பயந்து மார்த்தாண்ட வர்மா முன்னமே ஒளிந்து பேர் வாங்கிவிட்டார்.

படகுக்குக் காசில்லாமல் சாமி குமரிக் கடலுக்குள் இருக்கும் பாறைக்கு நீந்தியே போனார் என்பார்கள். சீட்டு இல்லை, வரிசை இல்லை. வந்த காரியம் ஒழுங்காக முடிந்தது. வசதி செய்து தருகிறோம் என்று ஆள் வர எழுபது வருஷம் ஆயிற்று.

அதற்குள் 1956-இல் மாநிலப் பிரிப்பு வந்தது. திருவிதாங்கூர்த் தமிழர் தலைவர் நேசமணியின் கட்சி, தமிழகத்துக்கு நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டது. கோடு என்னவோ களியக்காவிளையில் விழுந்தது. பாறை அங்கே, பலா இங்கே.

விவேகானந்தர் நூற்றாண்டு நெருங்கியதும் பாறைக்கு ஒரே கிராக்கி. ஒரு கூட்டம் மண்டபம் என்றது, இன்னொரு கூட்டம் சிலுவை நட்டது. முதலமைச்சர் பக்தவத்சலம் இரண்டுக்கும் பிடி கொடுக்கவில்லை. மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர், பாறையின் இயற்கை அழகு கெட்டுவிடும் என்றார். அழகுக்காக ஒரு மந்திரி கவலைப்பட்டால் சும்மா விடுவார்களா? மண்டபக் கூட்டத்தின் ஏக்நாத் ரானடே நேரே கல்கத்தா போய், வங்காளத்துப் பிள்ளைக்கு வங்காளத்து மந்திரியே குறுக்கே நிற்கிறார் என்று பத்திரிகைக்காரர்களிடம் போட்டுக்கொடுத்தார். அழகு அத்தோடு வாயை மூடிக்கொண்டது. அடுத்து டெல்லியில் 323 எம்.பி.க்களின் கையெழுத்து. சரி, 15 அடிக்கு 15 அடி கட்டிக்கொள்ளுங்கள் என்று இறங்கிவந்தார் பக்தவத்சலம். எங்கள் ஊர்ப் பசுத் தொழுத்து இதைவிடப் பெரிது.

வசூல் தொடங்கியது. ஆளுக்கு ஒரு ரூபாய் போதும் என்றார்கள். மாநில அரசுகளும் போட்டன. கோடிக்கு மேல் சேர்ந்த பணத்தைப் பதினைந்தடிக்குள் எப்படித் திணிப்பது? காஞ்சிப் பெரியவர் பார்த்து ஒப்பிய படம் என்று ஒன்று வந்தது: நீளம் மட்டும் 130 அடி. பெரியவர் சொன்னபின் முதலமைச்சர் அடிக்கோலை எடுக்கவில்லை. 1970 செப்டம்பர் 2 அன்று வி.வி. கிரி திறந்துவைத்தார். ஒரு ரூபாய் நன்கொடையில் ஒரு சௌகரியம்: எவனும் தன் பேரில் கல்வெட்டு கேட்க முடியாது.

2024 டிசம்பரில் அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், 37 கோடி ரூபாயில். இதற்கு யாரும் உண்டியல் குலுக்கவில்லை, வரியிலேயே முடித்துவிட்டார்கள். நெய்யாற்றின்கரைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், படகுக்குச் சீட்டெடுத்து, வெயிலில் நின்று, கடைசியில் குனிந்து காலுக்கடியில் தண்ணீர் பார்த்துவிட்டு வருகிறார்கள். போகிற வழியில் நெய்யாற்றுப் பாலம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதன் அடியிலும் தண்ணீர்தான்.