ஸ்கூட்டரும் வெள்ளமும்

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் சிதம்பரம் போய்வர மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? தீப்பிடிக்கும் என்கிறார்களே!

பதில்: தாராளமாக வாங்குங்கள், வீட்டுக்குள் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். பெட்ரோல் வண்டியும்தானே எரிகிறது என்பீர்கள். எரிகிறது, ஆனால் அதை யாரும் பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கப் போவதில்லை. அந்த டிசம்பரிலேயே பேட்டரி விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது, நல்லது. நம் பக்கம் எனக்குப் பெரிய கவலை வெள்ளம்தான். 2024 டிசம்பரில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்ததே! ஃபுளோரிடாவில் 2022 புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு எரிந்தன. பேட்டரிக்குள் தங்கிய உப்பு ஷார்ட் சர்க்யூட் ஆக்கிவிடும். அதனால் புயல் எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டில் ஏற்றுங்கள். மூழ்கிவிட்டால் சார்ஜ் போடாமல், வீட்டைவிட்டுத் தள்ளி நிறுத்தி, சர்வீஸ்காரரை அழையுங்கள்.